ஒரு வாவ் சொன்னால் என்ன குறைந்துபோகும்

சாமி,

நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. பொங்கலுக்கு மறுநாள் காரில் ஏறப் போனவன் திரும்பி நின்று, "பாப்பா முன்னால ஒரு வாவ் சொன்னா உங்களுக்கு என்னங்கப்பா கொறஞ்சு போயிரும்?" என்று கேட்டாய். அதோடு விட்டாயா? "புள்ளகிட்ட எப்படிப் பேசறதுன்னு கத்துக்கிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இவளை இங்க கூட்டிக்கிட்டு வரமாட்டேன்" என்றும் சொன்னாய். ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா போகிறாய் என்று உன் அம்மாவுக்குப் போன் வந்தது. எனக்கு வரவில்லை. போவதற்குள் ஊருக்கு வர நேரமில்லை என்றாயாம். நேரம் காரணமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழு வயசுப் பேத்தியை இனிமேல் பார்ப்பேனா மாட்டேனா என்பது இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அதனால் அந்தச் சொல்லையே விசாரித்துப் பார்த்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ஜெராக்ஸ் கடை பாய். "போன்ல பேசினா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போயிருமேண்ணே" என்றார். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது. சில இடத்தில் நான் பேசுகிற மாதிரி இருக்கும், சில இடத்தில் பாய் எழுதுகிற மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு விதமாக வைத்திருப்பாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் வந்து இறங்கினதிலிருந்து நீ அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அம்மா கொடுத்த காப்பிக்கு வாவ். கரும்புக்கு வாவ். எதிர்வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட இரும்பு கேட்டுக்கு வாவ். என் முழங்கால் ஆபரேசன் தழும்பைக் காட்டினேன். போனை விரலால் தள்ளிக்கொண்டே அதற்கும் வாவ் என்றாய். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் பாப்பா ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். நீ வாவ் என்றாய். உன் மனைவி சமையல்கட்டிலிருந்தே வாவ் என்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து தாளின் பின்பக்கம்தான் தெரிந்திருக்கும். உன் அம்மா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கடைசியாகப் பாப்பா என் கட்டிலுக்கு வந்தாள். நம்ம வீட்டைத்தான் வரைந்திருந்தாள். வீடு உச்சியில் சின்னதாக, தாளில் கால்பங்குதான். மீதி முக்கால் பங்கும் வீட்டுக்கு அடியில். வேப்பமரத்து வேர், எறும்பு போகிற வழி, அதற்குக் கீழே பாறை, பாறைக்கும் கீழே இருட்டு, அந்த இருட்டுக்குள் நீலமாக ஒரே ஒரு கோடு. மண்ணுக்கு அடியில் வரைகிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியில் முப்பத்தைந்து வருசம் ட்ரில்லராக நின்றவன் நான். மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் சொல்லிப் பிழைத்தவன். அதை என் பேத்தி கலர் பென்சிலில் போட்டு என் மடியில் வைக்கிறாள். நெஞ்சை அடைத்துக்கொண்டது. வாயில் வந்தது என்ன? "அடியில கறுப்பு சாஸ்தி" என்றேன்.

பாப்பா தாளை நாலாக மடித்தாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. நீதான் எழுந்து வந்து கத்தினாய். "எனக்கு எட்டு வயசுல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாய். நான் பேசவில்லை. நீ அதை மறதி என்று எடுத்துக்கொண்டாய்.

ஞாபகம் இருக்கிறது. உன்னைவிட எனக்கு நன்றாகவே இருக்கிறது. தீபாவளிக்கு நான் ஆந்திராவிலிருந்து வந்திருந்தேன். நீ மூங்கில் குச்சியும் சைக்கிள் போக்ஸ் கம்பியும் சேர்த்து ஒரு ரிக் வண்டி செய்து வைத்திருந்தாய். வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரை மண்ணுக்குள் புதைத்து, சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்து, தண்ணீரை முழங்கால் உயரத்துக்குப் பீய்ச்ச வைத்தாய். தெருச்சனம் நின்று கை தட்டியது. நீ யாரையும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் குனிந்து, நீ துளைக்குள் இறக்கியிருந்த குழாயைப் பார்த்துவிட்டு, "கேசிங் பைப்பு நேரா இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நீ அன்றைக்கு மத்தியானமே அதைப் பிரித்துப் போட்டாய். மூங்கிலை உன் அம்மா அடுப்புக்கு வைத்தாள். அப்போது நீ போட்டிருந்த சட்டையின் கோடு என்ன நிறம் என்றுகூட என்னால் சொல்ல முடியும். பச்சை.

நீ போன பிறகு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படி என்ன அந்தச் சொல்லில் இருக்கிறது என்று பாயிடம் கேட்டேன். போனில் தேடிப் படித்துச் சொன்னார். அர்த்தம் லேசானது. எதிர்பார்க்காததைப் பார்த்தால் வாய் திறந்து வருகிற சத்தம், அவ்வளவுதான். நம்ம அட, அடேங்கப்பா, ஆத்தாடி, அடங்கொப்புறானே மாதிரி. இங்கிலீசுக்காரன் நாட்டுக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒன்று இருக்கிறதாம், அந்த ஊர்ச்சனத்தின் வாயில் ஐந்நூறு வருசத்துக்கு முந்தியே இருந்த சொல்லாம். எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கேட்டேன். எதிலிருந்தும் இல்லையாம். மனுசன் வாயிலிருந்து தானாகக் குதித்த சத்தம் என்றுதான் அகராதியில் போட்டிருக்கிறதாம். பிறகு அமெரிக்காக்காரர்கள் கைக்குப் போய் அது ஒரு வேலைக்குப் பேராகவே ஆகிவிட்டது. ஆளை அசர வைப்பதற்கும் அந்தச் சொல்தான், ஒரு ஆட்டம் பாட்டம் நன்றாக எடுபட்டால் அதற்கும் அந்தச் சொல்தான். டேப் ரிக்கார்டர் ஓட்டம் தடுமாறினால் பாட்டு ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போகுமே, அந்தக் கோளாறுக்கும் அதுதான் பேராம். "இப்ப அதை உத்துப் பாத்துச் சொல்றவங்க கம்மிங்கண்ணே. இழுக்காம மொட்டையாச் சொன்னா அது நக்கலு" என்றார் பாய்.

ரிக் வண்டியோடு ராஜஸ்தான் பக்கம் போயிருந்தபோது, தண்ணீர் வந்தால் அங்கே இருக்கிற விவசாயிகள் "அரே வாஹ்" என்பார்கள். ரெண்டும் ஒன்றா பாய் என்று கேட்டேன். "இல்லீங்கண்ணே, அது பார்சி பாஷை வழியா வந்தது. எங்காளுங்க கவாலிப் பாட்டு கேக்கறப்பத் தலையாட்டிக்கிட்டுச் சொல்லுவாங்க. சத்தம்தான் ஒண்ணாட்டம், சொந்தம் இல்லை" என்றார். சொந்தமில்லாத ரெண்டு ஊர்ச்சனம் அசந்துபோனால் வாய் ஒரே மாதிரி திறக்கிறது. இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

மறுபடி ஏறினது ஓமலூர்க் கல்யாணத்தில். அங்கே போட்டோக்காரர் பொண்ணுக்கு அப்பனைக் கூப்பிட்டு, "அப்பா, பொண்ணு மேக்கப்போட கதவத் தொறந்துக்கிட்டு வருவாங்க. நீங்க திரும்பிப் பாத்து, வாயில கை வெச்சு, வாவ்னு ரியாக்சன் குடுக்கோணும்" என்றார். அந்த மனுசன் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சத்தியமாக வந்த தண்ணீர். "அய்யோ, அழுவாதீங்கப்பா. வாவ் மட்டும் போதும். இன்னொருக்கா போலாம்" என்று பொண்ணைத் திரும்பவும் கதவுக்குப் பின்னால் அனுப்பினார்கள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது என்றார்கள். பக்கத்தில் நின்ற நான் அந்த அப்பனின் முதல் முகத்தைப் பார்த்தேன். அது எந்த ஆல்பத்திலும் இருக்காது. நீ காப்பிக்குச் சொன்ன வாவ் அந்த மூன்றாவது தடவை வாவ். அதைத்தான் பாப்பாவுக்கு நான் சொல்ல வேண்டும் என்கிறாய்.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

எனக்குக் கல்யாணத்துக்கு முந்தின வருசம், ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் காட்டில் போர் போட்டோம். ரெண்டு ஏக்கர் மானாவாரி. நெய்து நெய்து முதுகு வளைந்த மனுசன், இனி பண்ணையம் செய்யலாம் என்று ஆசைப்பட்டார். இருநூற்றைம்பது அடி வரைக்கும் வெறும் வெள்ளைப் புழுதி. அவர் பெண்டாட்டி வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். உச்சி வெயிலில் புழுதி ஈரமானது, சேறானது, திடீரென்று தண்ணீர் தென்னைமர உயரத்துக்கு அடித்தது. நான் சின்ன வயசு. லீவரில் கை வைத்தபடியே, "அடங்கொப்புறானே! அடியில ஆறே ஓடுதுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

முதல் தண்ணீரை நம்பக் கூடாது. பாறை இடுக்கில் எந்தக் காலத்திலோ தேங்கி நிற்கிற தண்ணீர் ஒரேயடியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும், பிறகு வற்றும். கம்ப்ரசர் காற்றை விட்டுக்கொண்டே இருந்து, ஒரே அளவாக வருகிறதா என்று பார்த்து, இன்னும் ஐம்பது அடியாவது கீழே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். அது ரிக்கில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். வண்டி மேனேஜர் இன்னும் இறக்கலாம் என்றார். தறிக்காரர் கேட்கவில்லை. "போதுமுங்க, நிறுத்துங்க. ட்ரில்லர் தம்பியே அசந்துட்டாரு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். நான் அப்போதாவது இல்லீங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் பெண்டாட்டி அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பிள்ளைகள் தலையில் தெளித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டோம்.

அவர் தறியை விற்று மோட்டாரும் பைப்பும் வாங்கி மஞ்சள் நட்டிருக்கிறார். இருபது நாளில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்றை இழுத்தது. இது எனக்கு அந்த வருசம் மாரியம்மன் பண்டிகை சமயம் ஜலகண்டாபுரம் டீக்கடையில் அவரே சொல்லித்தான் தெரியும். என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க தம்பி. நீங்க ஆச்சரியப்பட்டீங்க, நான் நம்பிப் போட்டேன்" என்றார். இப்போது கூலிக்குத் தறி ஓட்டுவதாகச் சொன்னார், அடுத்தவர் வீட்டில். அந்த டீயை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு மூடின வாய். அதற்குப் பிறகு எந்த ஊரில் எத்தனை உயரம் தண்ணீர் அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரை அளக்கிற பலகையைப் பார்ப்பேன். வண்டிக்காரர்கள் எனக்கு ஊமை ட்ரில்லர் என்று பேர் வைத்தார்கள். போர் போடுகிறவர்கள் என்னைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். என் வாயால் யாரும் கெடவில்லை என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. தப்பு அதில் இல்லை, சாமி. ரிக்கில் போட்டிருந்த அந்த முகத்தை வீட்டு வாசலில் கழற்றி வைக்கத் தெரியாமல் போனதுதான் தப்பு. செருப்பைக் கழற்றினேன், எண்ணெய்ச் சட்டையைக் கழற்றினேன், அதைக் கழற்றவில்லை. நீ பிறந்து நாற்பதாம் நாள் வந்து தொட்டிலைப் பார்த்துவிட்டு, "எடை கம்மியா இருக்குதே" என்றேனாம். உனக்கு இஞ்சினியர் சீட்டுக் கிடைத்தபோது, "ஆஸ்டல்ல தண்ணி வசதி இருக்குதா?" என்று கேட்டேன். உள்ளே ஒன்றுமில்லாமல் கேட்கவில்லை. சொன்னால் அது நம்பிக்கையாகிவிடும், நம்பினது பொய்த்துப் போகும், என் வாயால்தான் என் பிள்ளை கெட்டான் என்று ஆகும் என்று ஒரு பயம். நீ என்னங்கப்பா கொறஞ்சு போயிரும் என்று கேட்டாயே. உனக்குக் குறைந்துபோகும் என்றுதான் பயந்தேன்.

இதையெல்லாம் கேட்டு நீ மனசு இளக வேண்டும் என்று எழுதவில்லை. இளகுகிறவனாக இருந்தால் ஐந்து மாதம் ஆகியிருக்காது.

போன வாரம் உன் அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். "ஏனுங்க, அந்த முருங்கை மரத்தப் பாருங்க. பாத்து வாவ்னு சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன்.

"சளி கட்டுனவன் காறறாப்பல இருக்குது. இன்னொருக்கா."

சொன்னேன்.

"புள்ள பயந்துக்கும். உடுங்க. உங்க வாயி மூடி போட்டு வெல்டு வெச்ச போருங்க. இனி எந்த மெசினு வந்தாலும் தொறக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "கல்யாணத்தன்னிக்குக் கூறப்பொடவை கட்டிக்கிட்டு வந்து நின்னேன். ஊரே பாத்துது. நீங்க பந்தக்காலு சாஞ்சிருக்குதுன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நாப்பத்திநாலு வருசத்துல என்னையப் பாத்து ஒருக்காலாச்சும் ஒரு அடேங்கப்பா சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள். முருங்கைக்காய் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. நானும் கேட்கவில்லை.

பாய் இன்னொன்றும் படித்துக் காட்டினார். அந்த ஸ்காட்லாந்துச் சனம் அந்தக் காலத்தில் ஆச்சரியத்துக்கு மட்டும் வாவ் சொல்லவில்லையாம். துக்கத்துக்கும் அதுதான், அடுத்தவனைப் பார்த்து இரக்கப்படுவதற்கும் அதுதான், பிடிக்காததைப் பார்த்து முகம் சுளிப்பதற்கும் அதுதானாம். நாம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அடடா சொல்லுகிற மாதிரி. போகப் போக மற்றதெல்லாம் உதிர்ந்து, சந்தோசம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பழைய சனத்தோடு இருந்திருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்கும் என்று பாயிடம் சொன்னேன். "இதையும் எழுதட்டுங்களாண்ணே?" என்றார். எழுதச் சொன்னேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பன் சொல்கிறான் என்று வேண்டாம், உன்னால் பேத்தியை இழந்து நிற்கிறவன் சொல்கிறான் என்று கேள். பாப்பா அன்றைக்கு மூன்று பேரிடம் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டாள். அதற்கு மேலும் எதற்கு என் கட்டிலுக்கு வந்தாள்? நீ பார்க்காமல் சொல்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வயசுக்கு அது தெரியாது என்று நினைக்காதே, எட்டு வயசில் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை அந்த வீட்டில் அதிக நேரம் பார்த்தவன் நான்தான். ஆனால் பார்த்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறக்காதவன் பார்த்தானா பார்க்கவில்லையா என்று ஒரு பிள்ளை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு வாவ் வாவ் என்று நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. நீ பாப்பாவைப் பார். பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல், கறுப்பு சாஸ்தி என்றுகூடச் சொல், பக்கத்தில் உட்கார்ந்து சொல். கனடாவில் எல்லாரும் நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லுவார்கள் என்று பாய் சொல்கிறார். அவள் அங்கே யாருடைய வாயை நம்புவது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். அது நீயாக இரு. நானாக இருந்திருக்க வேண்டும், முடியவில்லை.

நீ வைத்த நிபந்தனைக்கு என் பதில் இதுதான். வாவ் எனக்கு வராது. பழகிப் பார்த்துவிட்டேன். என் வாயில் அது அந்தப் போட்டோக்காரர் கேட்ட வாவாகத்தான் வரும், அதை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். அதற்காக அவளைக் காட்ட மாட்டாய் என்றால், நீ என்னைவிடக் கெட்டியான ஆள்.

வருகிற வியாழக்கிழமை நானும் உன் அம்மாவும் பெங்களூருக்கு உன் வீட்டுக்கு வாரோம். காலையில் சேலத்தில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், உன் அட்ரஸைப் பாய் எழுதித் தந்திருக்கிறார். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறோம். ராத்திரி தங்க மாட்டோம். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பார்த்துப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஏழு வயசுப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, உன் படம் என் நெஞ்சை அடைத்தது, அதைச் சொல்ல எனக்குப் பயம், அதனால் வேறு எதையோ சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். நாக்கு எழுமா என்று தெரியாது. இத்தனை வருசத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் இந்தக் காகிதத்தில்தான்.

நீ ஒரே ஒரு உதவி செய். தாத்தா வருகிறார் என்று மட்டும் அவளிடம் சொல். எதற்கு வருகிறார் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அது என் வாயால் வர வேண்டும்.

உன் அப்பன்